இறக்கத்தில் நிற்காத கியர்

பழைய லாரி பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் டயரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். காலால் ஓர் உதை விடுவார்கள். குனிந்து அடியில் ஆயில் ஒழுகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு பெயின்டைப் பற்றிப் பேசுவார்கள். அதெல்லாம் வீண் வேலை ஐயா. வண்டியில் ஏறி, ஓடவிட்டு, கியர் ராடின் தலைமேல் உள்ளங்கையை வைத்துச் சும்மா இருக்க வேண்டும். வண்டி தன் சீக்கைத் தானே சொல்லிவிடும்.

போடியில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். கால் போன பிறகு அது குறைந்துபோனது, இருந்தாலும் எப்போதாவது யாராவது வருவார்கள். போன வாரம்கூட ராசிங்காபுரத்து உறவுக்காரர் ஒருவர் ஜீப் வாங்குவது பற்றிக் கேட்க வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து என் தங்கை அன்னக்கொடி வெளியே வந்தாள். "அவரு பேச்சைக் கேட்டுறாதீக" என்றாள். ஐந்து வருஷத்தில் என் காதுபட அவள் பேசிய முதல் பேச்சு அது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அப்படியே தெருவில் இறங்கி நடந்துவிட்டாள். நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்தாள் என்பது இப்போது தெரிகிறது.

அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கப்போவதில்லை. பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருப்பாள். பொய் சொல்லுகிறவள் இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது சில துண்டுகள் மட்டும்தான். முழுசாகத் தெரிந்தவன் நான் ஒருத்தன். அதனால் நானே சொல்லிவிடுவது நல்லது.

என் பெயர் வீரணன். போடியிலிருந்து போடிமெட்டு மலை ஏறிப் பூப்பாறை வரைக்கும் லாரி ஓட்டியவன். மேலே போகும்போது அரிசி, உரம். கீழே வரும்போது விறகு, மிளகு, சில நாள் ஏலக்காய் மூட்டை. மெட்டுச் சாலையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எந்த இடத்தில் கல் பெயர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் சொல்லப்போவதற்கு இது வேண்டியிருக்கிறது.

அன்னக்கொடியை மலைச்சாமிக்குக் கட்டிக்கொடுத்தது நான்தான். ராசிங்காபுரத்தில் கிணறும் நிலமும் உள்ள குடும்பம். மலைச்சாமி நல்லவன். நீங்கள் எத்தனை பேரிடம் விசாரித்தாலும் இதையேதான் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், மலைச்சாமி நல்லவன். அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் கிடையாது.

எழுபத்தோராம் வருஷம் மார்கழியில் அவனை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். குளிருக்காகக் கொஞ்சம் குடித்திருந்தேன். கொஞ்சம் என்று அப்போது நினைத்தேன். அடிவாரத்து முந்தலுக்கு மேலே ஒரு வளைவில் வண்டியை ஒடிக்க மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், கை ஸ்டியரிங்கின் மேல்தான் இருந்தது. வண்டி ஓடைக்குள் சாய்ந்தது. மலைச்சாமிக்குச் சிராய்ப்பு. என் வலது கால் கதவுக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

அவன் என்னை எப்படி வெளியே இழுத்தான் என்பது எனக்கு நினைவில்லை. அடுத்து அவன் செய்தது மட்டும் நினைவிருக்கிறது. ஓடைத் தண்ணீரில் துண்டை நனைத்து வந்து என் வாயைத் துடைத்தான். விரலை உள்ளே விட்டு நாக்கைத் துடைத்தான். பிறகு மடியிலிருந்த வெற்றிலையைக் கசக்கி என் வாயில் திணித்தான்.

"மெல்லு மச்சான். போலீசு வர்றதுக்குள்ள நல்லா மெல்லு."

கால் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வெற்றிலை மென்றேன். போலீஸ் வந்தபோது அவன், "மாடு குறுக்க வந்துருச்சுய்யா, எங்க மச்சான் மாட்டைக் காப்பாத்தத்தேன் ஒடிச்சாரு" என்றான். அந்த இடத்தில் மாடு எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது.

மதுரையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை தன் உழவு மாடுகளை விற்றுத்தான் வைத்தியம் பார்த்தான். பிறகு என்னை ராசிங்காபுரத்துக்கே கூட்டிக்கொண்டு போய், வீட்டின் மேல்பக்க அறையை ஒழித்துக் கொடுத்தான். வெளிச்சம் வரும் அறை அதுதான். அவனும் அன்னக்கொடியும் தவசம் தானியத்தைப் போட்டுவைத்திருந்த இருட்டறைக்கு மாறிக்கொண்டார்கள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் பெண் கொடுக்க வரவில்லை.

அந்த வீட்டில் அவனோடு ஏழு வருஷம் இருந்தேன். ஒரு நாள்கூட எனக்குக் குறை வைக்கவில்லை. சோறு போட்டால் "மச்சானுக்கு முதல்ல வையி" என்பான். கறி எடுத்தால் ஈரலை என் தட்டுக்குத் தள்ளுவான். ஊர்ச் சாவடியில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, "எங்க மச்சான் மாதிரி மெட்டுல வண்டி ஓட்டுறதுக்கு ஒருத்தன் பொறக்கணும்" என்பான். அவர்கள் என் ஊன்றுகோலைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவன் சிரிக்க மாட்டான். அவன் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான்.

வெற்றிலை விஷயத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அன்னக்கொடியிடம்கூடச் சொல்லவில்லை. என்னிடமும் ஒருமுறைகூட அதைப் பற்றிப் பேசியதில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் எழுந்து வெளியே வந்தால், என் நாக்கைத் துடைத்த விரலால் அவன் பல் தேய்த்துக்கொண்டிருப்பான். "எந்திரிச்சாச்சா மச்சான்" என்று கேட்பான். ஏதாவது ஒரு சண்டையில், ஒரு கோபத்தில், ஒரே ஒருமுறை அதைச் சொல்லிக்காட்டியிருந்தால் அவன் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான் என்று நினைக்கிறேன். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் சமமாகியிருப்போம். அவன் அதற்கு இடம் கொடுக்கவே இல்லை.

எழுபத்தெட்டில் கிணறு வற்றிப்போனது. அவனுக்கு லாரி யோசனை வந்தது. டிராக்டர் ஓட்டத் தெரியும். என்னிடம் கேட்டுக்கேட்டு லாரியும் பழகி லைசென்ஸ் எடுத்திருந்தான். தோட்டங்களுக்கு லோடு அடித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றான். "நான் ஓட்டுறேன், மச்சான் பக்கத்துல முதலாளியா உக்காந்து வரட்டும். வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா மனுசன் என்னத்துக்கு ஆவான்" என்று அன்னக்கொடியிடம் சொன்னான். அதுவும் எனக்காகத்தான் ஐயா. லாரியும் எனக்காகத்தான்.

தேவாரத்தில் அமாவாசை என்று ஒருவரிடம் மூக்கு வைத்த பழைய டீசல் லாரி ஒன்று கிடந்தது. போய்ப் பார்த்தோம். சோளக்காட்டு ஓரத்தில் நின்றது. முதல் நாள் யானை வந்து போன காடு, தட்டையெல்லாம் மிதிபட்டுக் கிடந்தது. லாரியின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அமாவாசை அதை முட்டையோடு தூக்கிக் கூடையில் வைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பும் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"ஒளிக்க மாட்டேன் தம்பி. எஞ்சின் கல்லு மாதிரி. ஆனா கியர்பாக்ஸு சரியில்ல. ஏத்தத்துல செகண்டு நிக்கும். எறக்கத்துல, அதுவும் லோடோட எறங்குனா, துள்ளி நியூட்ரலுக்கு வந்துரும். தரையில ஓட்டுறதுன்னா எடுத்துக்க. மலைக்குன்னா யோசிச்சுக்க."

அப்படி விற்கிறவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மலைச்சாமியின் முகம் வாடிவிட்டது. நான், "ஓட்டிப் பார்த்துரலாம் மாப்ளே" என்றேன்.

அவன் ஓட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கியர் ராடின்மேல் கையை வைத்துக்கொண்டேன். மலையடிவாரத்துச் சரிவு ஒன்றில் இறங்கச் சொன்னேன். சரிவின் நடுவில் ராடு என் உள்ளங்கைக்குள் நடுங்கியது. காய்ச்சல்காரனின் மணிக்கட்டைப் பிடித்த மாதிரி இருந்தது. பிறகு ஒரு துள்ளு. வண்டி கட்டவிழ்ந்த மாதிரி ஓடியது. பிரேக்கில் நிறுத்தினான். வெறும் வண்டி, சின்னச் சரிவு, அதனால் நின்றது. லோடு ஏற்றிய வண்டி மெட்டில் இறங்கும்போது பிரேக்கை நம்ப முடியாது. மிதித்துக்கொண்டே இருந்தால் சூடேறிக் கைவிட்டுவிடும். கியர்தான் வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். அந்தக் கியர் பிடிக்காத வண்டி அது. இதை நான் அந்தச் சரிவிலேயே தெரிந்துகொண்டேன். உங்கள் விசாரணைக்கு இது போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஏன் என்று கேட்பீர்கள்.

வரும் வழியில் போடியில் சுடலை மேஸ்திரியின் பட்டறைக்குப் போய்க் கேட்டோம். "கியர்பாக்ஸை எறக்கிப் பிரிச்சுப் பல்லை மாத்தாம மெட்டுல ஏறக் கூடாது" என்று சுடலையும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அன்னக்கொடி சொன்னாள், "விக்கிறவரே வேண்டாங்குறாரு, ரிப்பேரு பாக்குறவரும் வேண்டாங்குறாரு. அப்புறம் என்ன. வேற சோலியப் பாருங்க."

மலைச்சாமி தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். "எல்லாரும் சொல்றது கெடக்கட்டும். மச்சான் என்ன சொல்றாரோ அதேன்" என்றான்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மொச்சைக் குழம்பு. வாயில் இருந்ததை மென்று முடிக்கும் வரை இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் போன நாளிலிருந்து என் வார்த்தைக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை. ஒரு சொல்லில் எடுக்கவும் ஒரு சொல்லில் தள்ளவும் முடியும் என்று தெரிந்தபோது உடம்புக்குள் ஏதோ நிமிர்ந்த மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் சுடலை சொன்னதையும் அமாவாசை சொன்னதையும்தான் நானும் சொன்னதாக ஆகும். அதற்கு நான் எதற்கு?

"எடுக்கலாம் மாப்ளே" என்றேன்.

அன்னக்கொடி, "அண்ணே" என்றாள்.

"கியர்ல ஒண்ணும் இல்லத்தா. ஓட்டுற கை சரியா இருந்தாப் போதும். சுடலைக்குச் சோலி வேணும், அதேன் பிரிக்கணுங்குறாரு. ஒருக்காப் பிரிச்ச கியர்பாக்ஸு அப்புறம் அடிக்கடி பிரிக்கச் சொல்லும். அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

மலைச்சாமியின் முகம் எப்படி மலர்ந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. மறுநாளே போய்ப் பேசி முடித்தான். வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்து, நெற்றியில் 'வீரணன் துணை' என்று எழுதிக்கொண்டு வந்து நிறுத்தினான். எங்கள் காவல் தெய்வத்தின் பெயரும் வீரணன்தான். ஊர்க்காரர்கள் சாமி பெயர் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். அவன் என் தோளில் கை போட்டு, "சாமியும்தேன், எங்க மச்சானும்தேன்" என்றான். அன்றைக்கு நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். வண்டியின் நெற்றியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் பெயரை எழுதவும் அவன்தான் வேண்டியிருக்கிறது என்று தோன்றியது.

வண்டி ஓட ஆரம்பித்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஒரு நாள் அவன் கேட்டான், "மச்சான், மெட்டு எறங்கையில கியரு துள்ளிருச்சுன்னா என்ன செய்யணும்?"

"பதறாத. கிளச்சை முழுசா மிதி. மறுபடியும் செகண்டுல போடு. உள்ள போற வரைக்கும் போட்டுக்கிட்டே இரு" என்றேன்.

இது எப்படிப்பட்ட பாடம் என்று ஓட்டுநர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். இறக்கத்தில் லோடு வண்டியின் கியர் கழன்றால் வேகம் கூடிக்கொண்டே போகும். வேகம் கூடக்கூட அந்தப் பழைய கியர் உள்ளே போகாது, நறநறவென்று கடிக்கும். தேடிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. கியரை விட்டுவிட்டு, எந்தப் பக்கம் மலையோ அந்தப் பக்கம் வண்டியைக் கொண்டுபோய்ச் சாத்த வேண்டும். பாறையில் உரசி, மண்ணில் ஏறி, வண்டி நசுங்கி நிற்கும். உயிர் மிஞ்சும். மெட்டில் வண்டி ஓட்ட வருகிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் கியரைப் பற்றித்தான் கேட்டான், நானும் கியரைப் பற்றித்தான் சொன்னேன்.

லேசான லோடுகளில் என் பாடம் பலித்தது. கழன்ற கியர் இரண்டு தடவை, மூன்று தடவை போட்டதும் உள்ளே போனது. ஒவ்வொரு முறையும் அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். "பாத்தியா மச்சான், நீ சொன்னபடியே" என்பான். அதனால் அவனுக்கு அதில் நம்பிக்கை வந்துவிட்டது. புரட்டாசியில் கையில் கொஞ்சம் சேர்ந்ததும், கியர்பாக்ஸைச் சுடலையிடம் காட்டிவிடலாமா என்று கேட்டான். தீபாவளி போகட்டும் என்றேன். சீசன் நேரத்தில் வண்டியைப் பட்டறையில் போடுகிறவன் உண்டா என்று கேட்டேன். அவனும் சரி என்றான்.

நான் எதையும் திட்டம் போட்டுச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். இந்த நாள், இந்த வளைவு என்று எனக்கு எந்த எண்ணமும் இருந்ததில்லை. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து நானும்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். நடக்கும்போது நடக்கட்டும் என்று மட்டும் இருந்தேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் தோண்டிமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் விறகு ஏற்றினோம். நிறைய ஏற்றினோம். அன்றைக்கு அன்னக்கொடியும் வந்திருந்தாள். புருஷன் தினமும் போகிற மலையை ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று காலையில் கிளம்பி வந்துவிட்டாள். ஏலக்காய் எடுக்கிற பெண்கள் ஊருக்குப் போகப் பஸ் இல்லாமல் சாலையில் நின்றார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. மலைச்சாமி வண்டியை நிறுத்தினான்.

"ஏறுங்கத்தா. தீவாளிக்குப் பிள்ளைக பாத்துக்கிட்டு இருக்கும்ல. வெரசா ஏறுங்க."

விறகின்மேல் படுதாவை விரித்து அவர்களை உட்காரவைத்தான். அவர்களில் சுப்புத்தாய் என்று ஒருத்தியை எனக்குத் தெரியும். மகளுக்கு வாங்கிய பாவாடைத் துணியை நனையாமல் ரவிக்கைக்குள் வைத்திருந்தாள்.

போடிமெட்டுக்கு வருவதற்கு முன் சாலை ஓர் இடத்தில் சின்னதாக இறங்கி ஏறும். அந்த இறக்கத்தில் கியர் துள்ளியது. அவன் போட்டான், போகவில்லை. நறநறத்தது. எதிரே ஏற்றம் வந்ததால் வேகம் குறைந்து பிறகு உள்ளே போனது. மறுபடி துள்ளப் பார்த்தது. நான் ராடைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அது என் கையை மீறித் தள்ளியது. அதற்கு முன் அப்படித் தள்ளியதில்லை. இந்த லோடோடு இந்த ஈரத்தில் இன்றைக்கு இது கீழே போய்ச் சேராது என்று எனக்குத் தெரிந்தது. வளைவுகள் வரிசையாக மனசில் ஓடின. எந்த வளைவு என்பதுகூட ஓரளவு தெரிந்தது.

மெட்டில் செக்போஸ்ட் பக்கம் டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். போடிக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஒன்றும் அங்கே நின்றது. மஞ்சு மூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது. டீ குடித்து முடித்ததும் நான், "மாப்ளே, காலு குத்துது. இந்தக் குலுக்கல்ல உக்கார முடியல. நான் ஜீப்புல வர்றேன்" என்றேன்.

"அப்ப நான் மெதுவாத்தேன் போவேன். ஒண்ணும் செய்யாது, வா மச்சான்."

"நீ போ. ஆளுக நனையுதுல்ல." பிறகு தங்கையைக் கூப்பிட்டேன். "அன்னக்கொடி, நீ எறங்கு. எனக்குத் துணைக்கு வா."

அவளுக்கு இறங்க இஷ்டமில்லை. புருஷன் ஓட்ட முன்சீட்டில் உட்கார்ந்து போவது அவளுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை. "இம்புட்டுத் தூரம் வந்துட்டு எதுக்குண்ணே ஜீப்பு" என்றாள். நான் கொஞ்சம் அதட்டினேன். மலைச்சாமியும், "மச்சான் தனியா ஏறி எறங்கச் சிரமப்படுவாருல்ல, போ" என்றான். அவள் இறங்கினாள்.

மேலேயிருந்து சுப்புத்தாய் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, ஜீப்புல எடம் இருக்குமா? மேல குளிரு தாங்கல" என்று கேட்டாள்.

ஜீப்பில் இடம் இருந்தது. டிரைவர் ஆள் கிடைக்காமல் கூவிக்கொண்டிருந்தான். ஆனால் ஒருத்தியை இறக்கினால் மற்றவர்களும் இறங்குவார்கள். எல்லோரும் இறங்கினால் மாப்பிள்ளை ஏன் என்று கேட்பான். "எடம் இல்லத்தா" என்றேன்.

மலைச்சாமி ஏறி உட்கார்ந்தான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மச்சான், செகண்டுலயே போட்டு எறங்குறேன். சரிதேன?" என்றான்.

"சரிதேன் மாப்ளே. துள்ளுனா மட்டும் சொன்னபடி செய்யி."

"அதெல்லாம் நீ சொன்னது மனசுல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கொஞ்ச நேரத்தில் மஞ்சுக்குள்ளிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. விடாமல் அடித்துக்கொண்டே போனான். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கட்டும் என்று அடித்திருக்கிறான். அந்த நேரத்திலும் பிறரைத்தான் நினைத்திருக்கிறான். பிறகு சத்தம் நின்றுவிட்டது.

ஜீப்பில் இறங்கிப் போனோம். நான் நினைத்த வளைவு இல்லை, அதற்கு அடுத்தது. அதுவரைக்கும் பிரேக் தாங்கியிருக்கிறது. விறகு சரிவு முழுக்கச் சிதறிக் கிடந்தது. எத்தனை பேர் என்பது உங்கள் பதிவில் இருக்கும். நான் எண்ணவில்லை. மாப்பிள்ளையை வெளியே எடுத்தவர்கள் அவன் கை கியர் ராடை விடவில்லை என்று சொன்னார்கள். விரல்களைப் பிரித்துத்தான் எடுத்தார்களாம். அந்த வளைவில் வலது பக்கம் முழுக்க மண்மேடு. ஸ்டியரிங்கை ஒரு திருப்புத் திருப்பியிருந்தால் போதும். அவன் கடைசிவரை கியரைத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

எல்லோரும் பள்ளத்தைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தார்கள். அன்னக்கொடி மட்டும் அலறவில்லை. சாலை ஓரத்தில் நின்று என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, என்னைய எதுக்கு எறங்கச் சொன்ன?"

"காலு குத்துச்சுத்தா, துணைக்கு."

அவள் என் காலைப் பார்த்தாள். இருக்கிற காலையும் இல்லாத காலையும் பார்த்தாள்.

அப்போது வந்து விசாரித்த அதிகாரியிடம், கியரில் கோளாறு இருப்பதை விற்றவர் மறைத்துவிட்டார் என்று சொன்னேன். ஏதாவது ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. ராசிங்காபுரத்து ஆட்கள் தேவாரத்துக்குப் போய் அமாவாசையை அடித்தார்கள். அவர் "நான் சொன்னேன், சொல்லித்தேன் வித்தேன்" என்று கடைசிவரை சொன்னாராம். யாரும் நம்பவில்லை. நிஜம் தெரிந்த அன்னக்கொடி அப்போதே பேச்சை நிறுத்தியிருந்தாள். பிறகு குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார். எங்கே இருக்கிறார் என்று தெரியாது. கண்டுபிடிக்க முடிந்தால் அவர் சொன்னது நிஜம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். என்னை அவள் வெளியே போகச் சொல்லவில்லை. மேல்பக்க அறையில்தான் நான் இருந்தேன், இருட்டறையில்தான் அவள் இருந்தாள். நேரத்துக்குச் சோறு வைத்தாள். தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். புருஷன் செத்த துக்கத்தில் ஊமையாகிவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

ஆமாம் ஐயா, தெரிந்துதான் சொன்னேன். வண்டியை வாங்கச் சொன்னபோது தெரியும், தப்பான பாடத்தைச் சொல்லிக்கொடுத்தபோது தெரியும், மெட்டில் டீ குடித்தபோது நன்றாகவே தெரியும். மலைச்சாமியைக் கொன்றது நான்தான். சுப்புத்தாயையும் அவளோடு இருந்தவர்களையும் கொன்றதும் நான்தான். எங்கே கைநாட்டு வைக்கச் சொன்னாலும் வைக்கிறேன். என்ன தண்டனை கொடுத்தாலும் குறைத்துக் கேட்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு மெட்டில் அன்னக்கொடியைக் கையைப் பிடித்து இறக்கியவன் நான். அவள் உயிர் நான் கொடுத்தது. அவள் என் தட்டில் சோறு வைக்கும்போதெல்லாம், இன்றைக்காவது சொல்லுவாள் என்று காத்திருந்து பார்த்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அதற்கு நன்றி சொன்னதில்லை.